வியட்நாம் போரின்போது சாதாரண வீடுகள் எப்படி ஓடின?

குறிஞ்சிமலர்:
வியட்நாம் போர் என்றால் நம் மொழியில் படிக்கக் கிடைப்பது பெரும்பாலும் ஹோ சி மின், கெரில்லாப் படை, கூச்சி சுரங்கம், அமெரிக்காவின் தோல்வி. இவற்றையெல்லாம் நானும் நிறையப் படித்துவிட்டேன். ஆனால் ஒரு வீடு எப்படி நடந்தது என்று எங்கும் சரியாகக் கிடைக்கவில்லை. 1965-க்கும் 1975-க்கும் இடையில், நாடு வடக்கு, தெற்கு என்று பிரிந்திருந்தபோது, வடக்கின் தலைநகர் ஹனோயில் ஒரு குடும்பம் என்ன சமைத்தது? பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்களா? தெற்கின் தலைநகர் சைகோனில் ஒரு குமாஸ்தா வாங்கிய சம்பளம் மாதக் கடைசி வரை தாங்கியதா? இந்தக் காலத்தில் கல்யாணம், பிரசவம் எல்லாம் எப்படி நடந்தன? படித்தவர்களும் அங்கே இருந்து வந்தவர்களும் எழுதுங்கள். போர் வியூகங்களுக்கு வேறு இழைகள் இருக்கின்றன.

ஹனோய்வாசி:
வேலை விஷயமாக ஹனோயில் சில வருடங்கள் இருந்தவன் என்பதால் ஆரம்பித்து வைக்கிறேன். அங்குள்ள வயதானவர்களிடம் அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டால், விமானத்துக்கு முன்னால் அரிசிதான் பேச்சில் வரும்.

வடக்கில் எல்லாமே பங்கீட்டு முறை. குடும்பத்துக்கு ஓர் அரிசிப் புத்தகம். மற்றச் சாமான்களுக்குச் சின்னச் சின்ன கூப்பன்கள்: இறைச்சி, சர்க்கரை, மண்ணெண்ணெய், துணி. அரசு அலுவலர் ஒருவருக்கு மாதம் 13 கிலோ அரிசி என்பது பலரும் சொல்லும் கணக்கு. கனமான உடல் வேலை செய்பவர்களுக்குக் கூடுதல். துணி வருடத்துக்கு நாலைந்து மீட்டர். 13 கிலோ போதாதா என்று தோன்றலாம். காய்கறி, எண்ணெய், இறைச்சி எதுவும் சரியாக இல்லாதபோது வயிறு முழுக்கச் சோற்றை நம்பித்தான் இருக்கும், அப்போது 13 கிலோ பறந்துவிடும். அந்த 13-ம் முழுக்க அரிசியாக வராது. ஒரு பகுதி கோதுமை மாவு, மரவள்ளி, சர்க்கரைவள்ளி என்று வரும். சோவியத் நாட்டிலிருந்தும் சீனாவிலிருந்தும் உதவியாக வந்த மாவைக் கொடுத்துவிட்டு நூடுல்ஸாக மாற்றிக்கொள்ள ஒரு வரிசை. அரிசிக்கு இன்னொரு வரிசை.

விடிவதற்கு முன்பே வரிசை தொடங்கிவிடும். ஆள் நிற்க முடியாவிட்டால் ஒரு செங்கல்லையோ பழைய கூடையையோ வைத்துவிட்டுப் போவார்கள், அது அவர் இடம். யாராவது முகம் வாடி உட்கார்ந்திருந்தால் "அரிசிப் புத்தகத்தைத் தொலைத்தவன் மாதிரி" என்று இன்றும் சொல்கிறார்கள். அதைத் தொலைத்த வீட்டின் நிலைமை அவ்வளவு மோசம்.

அரசு உணவகங்களில் ஃபோ என்ற நூடுல்ஸ் சூப் விற்றார்கள், இறைச்சி மட்டும் இருக்காது. அந்த நாட்களில் அமெரிக்கா ஆளில்லா வேவு விமானங்களை அனுப்பிக்கொண்டிருந்தது. அதனால் அதற்கு "விமானி இல்லாத ஃபோ" என்று மக்கள் பெயர் வைத்துவிட்டார்கள்.

எல்லோரும் சமமாகக் கஷ்டப்பட்டார்கள் என்றும் நினைக்க வேண்டாம். பெரிய அதிகாரிகளுக்குத் தோன் டான் தெருவில் தனிக் கடை. நடுத்தர அதிகாரிகளுக்கு ஞா தோ தெருவில். இதை வைத்து ஒரு நாட்டுப்பாட்டே ஓடியது: தோன் டான் ராஜாக்களின் சந்தை, ஞா தோ இடையில் நின்று துதிபாடுவோரின் சந்தை, டோங் சுவான் வியாபாரிகளின் சந்தை, நடைபாதைதான் வீர மக்களின் சந்தை. பிரச்சாரச் சுவரொட்டிகளைவிட இந்த நாலு வரியில் அந்த ஊர் எனக்கு நன்றாகத் தெரிகிறது.

பழைய ஏடு:
அருமையான தொடக்கம். பள்ளிக்கூடம் பற்றிக் கேட்டிருந்தார் குறிஞ்சிமலர். நான் ஆசிரியராக இருந்தவன், அந்தப் பகுதியைத்தான் அதிகம் தேடிப் படித்திருக்கிறேன்.

1965-ல் வடக்கின் மேல் அமெரிக்காவின் தொடர் குண்டுவீச்சு ஆரம்பமானதும் நகரங்களைக் காலி செய்யத் தொடங்கினார்கள். பிள்ளைகள், முதியவர்கள், அவசியமில்லாத அலுவலகங்கள் எல்லாம் கிராமங்களுக்கு. ஹனோய் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் சீன எல்லையோரம் இருக்கும் லாங் சோன் மாகாணத்துக்குப் போனது. ஹனோய் பல்கலைக்கழகம் தாய் நுயென் மலைப் பக்கம் போனது. மாணவர்களே மூங்கிலும் ஓலையும் கொண்டு வகுப்பறை கட்டினார்கள். மண்ணெண்ணெய் விளக்கில் கணிதம் படித்தார்கள்.

சின்னப் பிள்ளைகளின் வகுப்புகள் பாதி தரைக்குள் இறங்கியிருக்கும். சுற்றிலும் மண் அணை, வாசலிலிருந்தே பதுங்குகுழி வெட்டியிருக்கும். ஒவ்வொரு பிள்ளையும் வைக்கோலைத் தடிமனாகப் பின்னிய தொப்பி ஒன்று போட்டிருக்க வேண்டும். கொத்துக்குண்டு வெடித்தால் நாலாபக்கமும் சிதறும் சின்ன இரும்பு உருண்டைகளை அந்த வைக்கோல் ஓரளவு தடுக்கும். பல பிள்ளைகள் முதுகுக்கும் வைக்கோல் கவசம் மாட்டிக்கொண்டு நடந்தார்கள்.

அப்பா அம்மா ஹனோயில் வேலையில் இருப்பார்கள். பிள்ளை ஐம்பது, அறுபது கிலோமீட்டர் தள்ளி, முன்பின் தெரியாத ஒரு விவசாயி வீட்டில். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் அரிசியும் மண்ணெண்ணெயும் கட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். அந்த விவசாயி வீட்டிலும் சாப்பாடு போதாது, அங்கே இன்னொரு வாய். இப்படி வளர்ந்து, அந்தக் கிராமத்து அம்மாவைக் கடைசி வரை போய்ப் பார்த்து வந்தவர்கள் நிறையப் பேர். இந்தப் போரில் என்னை மிகவும் பாதித்த விஷயம் இதுதான். அரசு திட்டம் போட்டது உண்மைதான், ஆனால் சோறு போட்டவர்கள் அந்த வீட்டுப் பெண்கள்.

1968 நவம்பரில் வடக்கில் குண்டுவீச்சு நின்றதும் பிள்ளைகள் திரும்பினார்கள். 1972 ஏப்ரலில் மறுபடியும் மூட்டை கட்டினார்கள்.

தென்றல்:
நகரத்தில் தங்கிவிட்டவர்கள் குண்டு விழும்போது எங்கே போனார்கள்? வின் மோக் சுரங்கத்தைப் பற்றிப் படித்தேன். நிலத்துக்கடியில் மூன்று அடுக்கு, மிக ஆழமானது 23 மீட்டர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் சுவரில் குடைந்த ஒரு சின்ன அறை. கிணறு, சமையலிடம், பிரசவ அறை எல்லாம் உள்ளேயே. 17 குழந்தைகள் அங்கே பிறந்திருக்கின்றன. படிக்கும்போது உடம்பு சிலிர்த்தது. இந்த மன உறுதிதான் அவர்களை ஜெயிக்க வைத்தது என்று உறுதியாக நம்புகிறேன்.

ஹனோய்வாசி:
தென்றல், ஹனோயில் நடைபாதைகளில் வரிசையாகக் குழி. ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு சிமெண்ட் உருளையைத் தரைக்குள் இறக்கி, மேலே ஒரு மூடி. சைரன் ஓபரா மாளிகையின் கூரையில் இருந்தது. அதற்கு முன்பே தெருமுனை ஒலிபெருக்கி, எதிரி விமானம் எத்தனை கிலோமீட்டரில் வருகிறது என்று அறிவிக்கும். தூரத்தைக் கேட்டு, அடுப்பை அணைக்கலாமா, இன்னும் கொஞ்சம் வேகட்டுமா என்று முடிவு செய்வார்களாம். மழை பெய்தால் குழியில் முழங்கால் வரை தண்ணீர். அதில்தான் நிற்க வேண்டும்.

வின் மோக் பற்றி ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அது இருக்கும் வின் லின் பகுதி 17-வது அட்சக்கோட்டுக்கு வடக்கே, வடக்கையும் தெற்கையும் பிரித்த எல்லைக் கோட்டை ஒட்டியது. குண்டு அதிகம் விழுந்த இடங்களில் ஒன்று. கடலில் தெரியும் கோன் கோ தீவுக்குச் சாமான் அனுப்பும் வேலையும் அந்த ஊர்க்காரர்களுக்கு இருந்தது. அவர்கள் உள்ளே போனது உறுதியைக் காட்ட இல்லை, மேலே இருக்க வழியில்லாததால். வின் லினிலிருந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகளைத் தாய் தந்தையிடமிருந்து பிரித்து வடக்கே தூரத்து மாகாணங்களுக்கு அனுப்பினார்கள், சிலருக்குப் பல வருடம் வீட்டைப் பற்றிய செய்தியே இல்லை. உறுதி என்ற வார்த்தை எனக்கும் பிடிக்கும். ஆனால் அதைச் சொன்னதும் பேச்சு முடிந்துவிடுகிறது. களைப்பு, பயம், பசி எல்லாம் அதற்குப் பின்னால் மறைந்துவிடுகின்றன.

பழைய ஏடு:
ஆமாம். 1972 டிசம்பர் 18 முதல் 29 வரை பி-52 விமானங்கள் ஹனோய், ஹாய்ஃபோங் மேல் குண்டு போட்டன. 22-ம் தேதி பாக் மாய் மருத்துவமனை தாக்கப்பட்டு, மருத்துவர்கள், செவிலியர்கள், ஊழியர்கள் என 28 பேர் இறந்தார்கள். 25-ம் தேதி கிறிஸ்துமஸுக்காக ஒருநாள் நிறுத்தம். சரி, கொஞ்சம் ஓய்ந்தது என்று சிலர் கிராமத்திலிருந்து சாமான் எடுக்க, வீட்டைப் பார்க்கத் திரும்பி வந்தார்கள். 26-ம் தேதி இரவு காம் தியென் தெருவில் குண்டு விழுந்தது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நெருக்கமான குடியிருப்பு அது. அந்த ஒரு இரவில் அங்கே 287 பேர். ஹனோயில் மொத்தம் 1,318 பேர் இறந்ததாக அப்போது அரசு கணக்குச் சொன்னது. லட்சக்கணக்கானவர்களை முன்பே வெளியேற்றியிராவிட்டால் எங்கே போய் நின்றிருக்குமோ தெரியாது.

நெய்தல்நிலவன்:
இழை நன்றாகப் போகிறது, ஆனால் இதுவரை எல்லாமே வடக்கு. வியட்நாமியப் பொதுமக்கள் மிக அதிகம் செத்தது தெற்கின் கிராமங்களில். 1995-ல் ஹனோய் அரசு வெளியிட்ட கணக்கில் இரு பக்கமும் சேர்த்துப் பொதுமக்கள் மட்டும் சுமார் 20 லட்சம். "தெற்கில் இருந்தவர்கள் அமெரிக்கப் பணத்தில் வாழ்ந்தவர்கள்" என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் இருக்கிறது, அது என்னை வருத்துகிறது.

சைகோனை எடுத்துக்கொள்ளுங்கள். கிராமத்தில் ஷெல், குண்டு, விஷமருந்துத் தெளிப்பு. ஓடி வந்தவர்களால் நகரத்தின் மக்கள்தொகை பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. கால்வாய் ஓரங்களில் தகரமும் பெட்டிப் பலகையும் கொண்டு குடிசைகள். 1965-க்குப் பிறகு விலைவாசி ஏறிக்கொண்டே போனது. டாலர் புழங்கும் இடத்தில் வேலை செய்தவர்கள், அதாவது மதுக்கடை, துணி வெளுப்பு, ராணுவத் தளக் கூலி, சமாளித்தார்கள். மாதச் சம்பள ஆசிரியரும் குமாஸ்தாவும் சிப்பாயும்தான் நசுங்கினார்கள். பகலில் அலுவலகம், மாலையில் ஹோண்டா மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றிப் பிழைப்பு. மனைவி நடைபாதையில் சோப்பு, டின் பால், சிகரெட் விற்பார், எல்லாம் அமெரிக்கப் படையினர் கடையிலிருந்து கசிந்து வந்த சரக்கு. இரவில் ஊரடங்கு.

பையன் இருக்கும் வீடுகளில் பெரிய பயம் பரீட்சை. உயர்நிலைத் தேர்வில் தேறினால் கல்லூரி, படிப்பை வைத்துக் கட்டாயப் படைச் சேர்ப்பைத் தள்ளிப்போடலாம். தோற்றால் சீருடைதான். "தேர்வில் தோற்றேன், சார்ஜெண்டாகப் போகிறேன்" என்று தொடங்கும் ஒரு கேலிப்பாட்டு எல்லோர் வாயிலும் இருந்தது. 1968-ல் கம்யூனிஸ்ட் படைகள் தெற்கின் நகரங்கள் மேல் நடத்திய டெட் தாக்குதலுக்குப் பிறகு அதே வருடம் ஜூனில் பொது அணிதிரட்டல் சட்டம் வந்தது: 18 முதல் 38 வயது வரை ஆண்கள் எல்லோரும் படைக்கு. அதற்கு அப்பால் 50 வயது வரை ஊர்க்காவலுக்கு. வீட்டில் சம்பாதிக்கும் ஆண் என்று யார் மிச்சம்?

டெட் என்பது அவர்களின் புத்தாண்டு, ஊரெல்லாம் சொந்த வீடு திரும்பும் நாள். போர் நிறுத்தம் அறிவிக்கப்பட்டிருந்தது, மக்கள் நம்பி ஊருக்குப் போயிருந்தார்கள். ஹுவே நகரில் அந்த விடுமுறை கிட்டத்தட்ட ஒரு மாதத் தெருச் சண்டையாக முடிந்தது. பாதி நகரம் இடிந்தது. அங்கே பிடித்துச் செல்லப்பட்டவர்களின் உடல்கள் மொத்தமாகப் புதைக்கப்பட்ட குழிகளில் பின்னர் கிடைத்தன. வடக்கைப் பேசும்போது இதையும் பேச வேண்டும்.

வயல்வெளி:
நெய்தல் சொன்னது சரி. கிராமத்தைப் பற்றி ஒரு விவசாயியாக நான் கொஞ்சம் சேர்க்கிறேன்.

மெக்காங் கழிமுகம் உலகத்துக்கே அரிசி விற்ற பூமி. 1965-க்குப் பிறகு தெற்கு அரிசி இறக்குமதி செய்யும் நிலைக்கு வந்துவிட்டது, அமெரிக்க அரிசி கப்பலில் வந்து இறங்கியது. நிலம் இருந்தது, வேலை செய்ய ஆள் இல்லை, வயலுக்குப் போகப் பாதுகாப்பு இல்லை. பகலில் அரசாங்கத்தின் ஆள் வந்து கணக்கெடுப்பான், இரவில் தேசிய விடுதலை முன்னணியின் (வியட்காங்) ஆள் வந்து நெல் வரி கேட்பான். இரண்டு பேருக்கும் இல்லை என்று சொல்ல முடியாது.

1962, 63-ல் தெற்கின் அதிபர் ஸியெமின் அரசு "வியூகக் கிராமம்" திட்டத்தில் பல ஊர்களைப் பெயர்த்து, அகழியும் மூங்கில் முள்வேலியும் போட்ட இடங்களில் குடியேற்றியது. வேலியை அவர்களே கூலியில்லாமல் கட்ட வேண்டும். முன்னோர் சமாதி பழைய வயலிலேயே இருக்கும். அங்கே முன்னோரை வணங்காத வீடு கிடையாது. அந்த மண்ணை விட்டுப் பிரித்ததுதான் அரசாங்கத்தின் மேல் மக்களுக்கு வெறுப்பு வரப் பெரிய காரணம் என்பது என் கருத்து.

இன்னொரு பக்கமும் உண்டு. 1967, 68-ல் ஐ.ஆர்.8 நெல் அங்கே வந்தது. நம் தஞ்சாவூர்ப் பக்கமும் அதே காலத்தில்தான் வந்தது. நல்ல விளைச்சல், ஒரு போகத்துக் காசில் ஹோண்டா வாங்கலாம் என்பதால் "ஹோண்டா நெல்" என்றார்கள். 1970-ல் அப்போதைய தெற்கின் அதிபர் தியூவின் அரசு "உழுபவனுக்கே நிலம்" சட்டம் கொண்டுவந்து குத்தகைக்காரர்களுக்கு நிலம் கொடுத்தது. போர் நடுவிலும் பம்ப்செட் வாங்கினார்கள், படகுக்கு மோட்டார் மாட்டினார்கள். ஆகவே தெற்குக் கிராமம் முழுக்க சாம்பல் என்று சொல்வதும் முழு உண்மை ஆகாது. சண்டை குறைந்த வாய்க்கால் கரையில் வாழ்க்கை ஒரு மாதிரி, பத்து மைல் தள்ளி, கண்டதும் சுடலாம் என்று அறிவிக்கப்பட்ட பகுதியில் வேறு மாதிரி.

குறிஞ்சிமலர்:
எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. பெண்கள் பக்கம் இன்னும் கொஞ்சம் எழுத முடியுமா? கல்யாணம் பற்றிக் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

ஹனோய்வாசி:
சொல்கிறேன். 1965-ல் வடக்கில் மகளிர் சங்கம் "மூன்று பொறுப்புகள்" என்று ஓர் இயக்கம் நடத்தியது: உற்பத்தி, குடும்பம், தேவைப்பட்டால் சண்டை. ஆண் போய்விட்டான், அவன் செய்த எல்லாமே இனி உன் தலையில் என்று அர்த்தம். ஏர் ஓட்டுவது அதுவரை ஆண் வேலை. அதைப் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். கூட்டுறவுப் பண்ணைத் தலைவர், விமான எதிர்ப்புத் துப்பாக்கிக் குழு, பாலம் சரிசெய்யும் குழு எல்லாவற்றிலும் அவர்கள்தான். டோங் லோக் சந்திப்பில் குண்டுக்குழிகளை மூடிச் சாலையைத் திறந்து வைக்கும் வேலையில் இருந்த இளைஞர் தொண்டர் படைப் பெண்கள் பத்துப் பேர், 17-லிருந்து 24 வயது, 1968 ஜூலை 24 அன்று ஒரே குண்டில் இறந்தார்கள்.

இளைஞர்களுக்கு அரசு சொன்ன இன்னொரு கோஷம் "மூன்று தள்ளிப்போடல்": காதல் இல்லையென்றால் காதலிப்பதைத் தள்ளிப்போடு, காதலித்திருந்தால் கல்யாணத்தைத் தள்ளிப்போடு, கல்யாணம் ஆகியிருந்தால் பிள்ளையைத் தள்ளிப்போடு. நடைமுறையில் பலர் நேர் எதிராகச் செய்தார்கள். பையன் தெற்கே புறப்படும் முன் பெற்றோர் அவசரமாகக் கல்யாணம் முடித்தார்கள், பேரன் ஒருவனாவது மிஞ்சட்டும் என்று. கல்யாணம் என்றால் தேநீர், கொஞ்சம் மிட்டாய், சிகரெட். அவ்வளவுதான்.

தள்ளிப்போட்டவர்கள் என்ன ஆனார்கள் என்பதுதான் எனக்கு ஆறவே ஆறாத விஷயம். காட்டுச் சாலைகளில் மலேரியாவோடு இருபதுகளைக் கழித்துவிட்டுத் திரும்பிய பெண்களுக்குக் கல்யாண வயது தாண்டிவிட்டது. அவர்கள் வயது ஆண்கள் திரும்பவில்லை. பலர் தனியாகவே இருந்தார்கள். சிலர் ஊர்ப் பேச்சைத் தாங்கிக்கொண்டு, கல்யாணம் இல்லாமல் ஒரு குழந்தை பெற்றுக்கொண்டார்கள், வயதான காலத்தில் ஒரு துணை வேண்டும் என்று. 1986-ன் குடும்பச் சட்டம் அந்தத் தாய்களுக்கும் குழந்தைகளுக்கும் சட்டப்படி இடம் கொடுத்தது. வெற்றி விழா அணிவகுப்பில் இவர்களுக்கு எவ்வளவு இடம் கிடைத்தது என்று நாம் கேட்கத்தான் வேண்டும்.

தென்றல்:
இதைப் படித்த பிறகு உறுதி என்ற சொல்லைப் பற்றி ஹனோய்வாசி சொன்னது புரிகிறது. இருந்தாலும் அதை முழுக்க விட எனக்கு மனமில்லை. மகன் திரும்பவில்லை, அரிசி இல்லை, ஆனாலும் யாரோ ஊர் தெரியாத பிள்ளைக்குச் சோறு போட்ட அந்த விவசாயி வீட்டு அம்மாவுக்கு வேறு என்ன பெயர் சொல்வது?

பழைய ஏடு:
அந்த அம்மாவுக்கு அந்தப் பெயர் தாராளமாகப் பொருந்தும், தென்றல். அதை அரசாங்கம் எடுத்துத் தன் சட்டையில் குத்திக்கொள்ளும்போதுதான் எனக்கு இடிக்கிறது.

பிரிவைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் ஒன்று. 1954 ஜெனீவா ஒப்பந்தத்தில் பென் ஹாய் ஆறு நாட்டைப் பிரித்தபோது, இரண்டு வருடத்தில் தேர்தல், பிறகு ஒன்றாகிவிடுவோம் என்றுதான் பேச்சு. அதை நம்பித் தெற்கிலிருந்து, பிரெஞ்சுக்காரரை எதிர்த்துப் போரிட்ட வியட்மின் இயக்கத்தின் ஆட்கள் வடக்கே போனார்கள், மனைவியிடம் இரண்டு வருடம் என்று சொல்லிவிட்டு. தேர்தல் நடக்கவேயில்லை. இரண்டு 21 ஆனது. இடையில் ஆற்றைத் தாண்டிப் போக அனுமதிக்கப்பட்டது ஒரு சின்ன அஞ்சலட்டை மட்டும், அதிலும் உடல்நலம் விசாரிப்பதைத் தவிர ஒன்றும் எழுத முடியாது. பல வீடுகளில் அவர் அங்கே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார், இவள் இங்கே போலீஸ் விசாரணைக்குப் போய்க்கொண்டிருந்தாள். 1975-ல் அவர் வந்து வாசலில் நின்றபோது மகனோ எதிர்ப்பக்கப் படையின் சீருடையைக் கழற்றிய நிலையில். தெற்கில் ஒரே பூஜை மாடத்தில் இரண்டு படைகளின் சீருடையிலும் படங்கள் இருக்கும் வீடுகள் உண்டு.

தெற்கே போன பையனிடமிருந்து வடக்குக்குக் கடிதம் வர மாதங்கள் ஆகும், வராமலும் போகும். இறப்பு அறிவிப்பு பல வீடுகளுக்குப் போர் முடிந்த பிறகுதான் வந்தது. உடல் எங்கே என்று தெரியாதவர்கள் இன்றும் லட்சக்கணக்கில். அப்போதைய குவாங் நாம் மாகாணத்தின் நுயென் தி து என்ற தாய் ஒன்பது மகன்களை இழந்தார், பிரெஞ்சுக்காரர் காலத்துப் போரையும் சேர்த்து. தாம் கி நகரில் அவர் உருவத்தை வைத்துப் பெரிய நினைவுச்சின்னம் கட்டியிருக்கிறார்கள்.

கரைக்காலான்:
தாமதமாக வந்து ஒரு சின்னத் தகவல். போர்க்காலச் சைகோனில் நம் ஆட்களும் இருந்தார்கள். பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து போனவர்கள், நகரத்தார், துணிக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம்கள். பெரும்பாலானோர் 1975-ஐ ஒட்டி வெளியேறிவிட்டார்கள். அவர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் துரோங் டின் தெருவில் இன்றும் இருக்கிறது, கும்பிட வருபவர்கள் பெரும்பாலும் வியட்நாமியர்களே. ஹோ சி மின் நகரம் (சைகோனின் இன்றைய பெயர்) போகிறவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

நெய்தல்நிலவன்:
முடிந்துபோன கதையாக யாரும் இதை நினைக்க வேண்டாம் என்று இதையும் எழுதுகிறேன். குவாங் ஙாயில் அமெரிக்கக் குவேக்கர் (போரை எதிர்க்கும் கிறிஸ்தவப் பிரிவு) சங்கம் 1967 முதல் செயற்கைக் கால் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது, வந்தவர்களில் நிறையப் பேர் வயலில் கண்ணிவெடி மிதித்த சாதாரணக் குடியானவர்கள். மாகாண மருத்துவமனையில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். 1975-க்குப் பிறகும் வெடிக்காத குண்டுகளால் 40,000-க்கும் அதிகமானோர் இறந்திருப்பதாக அந்நாட்டு அரசு சொல்கிறது. மிக மோசமான மாகாணம் குவாங் திரி. பழைய இரும்பு பொறுக்கி விற்பவர்களும் மாடு மேய்க்கும் பிள்ளைகளும்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

குறிஞ்சிமலர்:
அடுத்த வருடம் ஹனோய் போகும் எண்ணம் இருக்கிறது. நாம் பேசிய விஷயங்களை நேரில் பார்க்க எங்கே போகலாம், ஹனோய்வாசி?

ஹனோய்வாசி:
லி துவோங் கியெட் தெருவில் இருக்கும் வியட்நாம் மகளிர் அருங்காட்சியகத்துக்கு முதலில் போங்கள், ஒரு அரைநாள் ஒதுக்குங்கள். காம் தியென் தெருவில் 51-ம் எண் வீடு இருந்த இடத்தில் நினைவிடம் இருக்கிறது, ஹனோய் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். மெட்ரோபோல் ஹோட்டலுக்கு அடியில் இருந்த பதுங்கறையை 2011-ல் கண்டுபிடித்தார்கள், அது வெளிநாட்டு விருந்தினருக்குக் கட்டியது. தெருவில் இருந்தவர்களுக்குக் கிடைத்த சிமெண்ட் குழியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வின் மோக் போக வேண்டுமானால் ஹுவேயில் தங்கி ஒருநாள் பயணமாகப் போய்வருவது வசதி. அதே வழியில்தான் பென் ஹாய் ஆறும் வரும். ஓட்டுநரிடம் முன்பே சொல்லி வையுங்கள், பாலத்தருகே நிறுத்துவார்.